பேர்ட்ஸ்: எந்தத் தட்டில் யார் கை?

நீள்தந்தி | ஞாயிறு, இரவு 9.40

நண்பர்களே, போன வாரம் என் தங்கை மகன் காரில் அமெரிக்க ராக் குழுவான பேர்ட்ஸின் தொகுப்பு ஒன்றைப் போட்டான். 'மிஸ்டர் டாம்பரின் மேன்' முடிந்து சில பாட்டுகள் கழித்து 'செஸ்ட்நட் மேர்' வந்தது. "மாமா, பாடுறது அதே ஆள்தான். ஆனா பின்னாடி வாசிக்கிறது வேற குழு மாதிரி இருக்கே?" என்றான். பத்தொன்பது வயதுப் பையன். குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. காது மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறது.

அந்த இரண்டு பாட்டுக்கும் பொதுவான ஒரே ஆள் ரோஜர் மெக்வின். 1964-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி 1973-ல் கலைந்தது வரை பதினொரு பேர் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்கள். ஸ்டூடியோ ஆல்பங்கள் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் இருப்பவர் அவர் ஒருவரே.

இந்த இழையைத் தொடங்கும் காரணம் இதுதான். அட்டையில் இருக்கும் பெயரை வைத்து ஒரு குழுவைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு தட்டிலும் யார் வாசித்தார், யார் குரல், யார் எழுதியது என்று பார்த்தால்தான் பேர்ட்ஸ் பிடிபடும். தெரிந்ததை எல்லோரும் எழுதுங்கள்.

முதல் சிங்கிளான (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். 1965 ஜனவரி 20, ஹாலிவுட்டில் இவர்களின் தட்டு நிறுவனமான கொலம்பியாவின் ஸ்டூடியோ. தயாரிப்பாளர் டெரி மெல்ச்சர். இந்தப் பையன்கள் ஸ்டூடியோ வேலைக்கு இன்னும் தயாராகவில்லை என்று நினைத்து வாடகைக் கலைஞர்களை அழைத்துவிட்டார். டிரம்ஸ் ஹால் பிளேய்ன், பேஸ் லாரி நெக்டெல், ரிதம் கிடார் ஜெர்ரி கோல், எலெக்ட்ரிக் பியானோ லியோன் ரஸ்ஸல். குழுவிலிருந்து வாத்தியம் தொட்டவர் மெக்வின் மட்டும். பாடியவர்கள் மெக்வின், ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி. பேஸ் வாசிக்க வேண்டிய கிறிஸ் ஹில்மனும் டிரம்ஸ் வாசிக்க வேண்டிய மைக்கேல் கிளார்க்கும் அந்தத் தட்டில் இல்லவே இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த பாட்டு அது.

---

தாளக்கட்டு | ஞாயிறு, இரவு 10.15

நல்ல தொடக்கம் சார். நான் டிரம்ஸ் வாசிப்பவன். ஹால் பிளேய்ன் அந்தப் பாட்டில் எவ்வளவு குறைவாக வாசித்திருக்கிறார் என்று கவனியுங்கள். கிடாருக்கும் குரலுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். இருபது வயதுப் பையன் யாரும் அந்தப் பொறுமையோடு வாசிக்க மாட்டான்.

---

மழைக்குருவி | திங்கள், காலை 7.05

நான் இந்தக் குழுவுக்குப் புதியவள். ஒரு சந்தேகம். தங்கள் பெயரில் வேறு ஆட்களை வாசிக்க வைத்து வெளியிட்டது ஏமாற்று வேலை இல்லையா? இதைப் படித்ததும் எனக்கு மனசு கொஞ்சம் விட்டுப்போய்விட்டது.

---

ஊசிமுனை | திங்கள், காலை 11.30

மழைக்குருவி, மனசு விட வேண்டாம். அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் பாதிக் குழுக்களின் சிங்கிள்கள் இப்படித்தான் பதிவாகின. ஸ்டூடியோ நேரம் காசு. மூன்று மணி நேரத்தில் இரண்டு பாட்டு முடிந்தாக வேண்டும். முதல் ஆல்பத்திலேயே அந்த சிங்கிளின் இரண்டு பக்கங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஐந்து பேரும் தாங்களேதான் வாசித்தார்கள்.

அடுத்த பெரிய வெற்றியான 'டர்ன்! டர்ன்! டர்ன்!' முழுக்க இவர்களின் வாசிப்பு. விவிலியத்தின் சபை உரையாளர் நூலிலிருந்து வரிகளை எடுத்து பீட் சீகர் மெட்டமைத்த பாட்டு. 1965 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம். முதல் சிங்கிள் ஒரே அமர்வில் முடிந்தது, இதற்கு 77 டேக் ஆனது என்று மெக்வின் மேடைகளில் சொல்வார். 77 தடவை விடாமல் வாசித்தவர்களை நான் எப்படி ஏமாற்றுக்காரர்கள் என்பேன்?

இவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்று தெரிய 'ப்ரிஃப்ளைட்' கேளுங்கள். 1964-ல் வேர்ல்ட் பசிபிக் ஸ்டூடியோவில் இரவு நேரங்களில் ஒத்திகை பார்த்த பதிவுகள், 1969-ல் தட்டாக வந்தன. மேலாளர் ஜிம் டிக்சனுக்கு அங்கே செல்வாக்கு இருந்ததால் ஸ்டூடியோ கிடைத்தது. பாடியதை உடனே போட்டுக் கேட்டு, தவறைத் திருத்தி, மறுபடி பாடுவார்கள். மைக்கேல் கிளார்க்குக்கு முதலில் டிரம்ஸே கிடையாது, அட்டைப் பெட்டிகளில் அடித்துப் பழகினார். ஹில்மன் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் மாண்டலின்காரர், பேஸைக் கையில் எடுத்ததே இந்தக் குழுவுக்காகத்தான். அப்படிப்பட்டவர்கள் ஓராண்டுக்குள் 'டர்ன்! டர்ன்! டர்ன்!' வாசித்துவிட்டார்கள்.

---

நீள்தந்தி | திங்கள், இரவு 8.50

ஊசிமுனை சொன்னதோடு அந்தக் கிடார் ஒலியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் எத்தனை மாறினாலும் கடைசிவரை மிஞ்சிய அடையாளம் அது ஒன்றுதான்.

பீட்டில்ஸின் 1964 படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு தந்தி கிடாரைப் பார்த்துவிட்டு மெக்வின் தானும் ஒன்று வாங்கினார். பன்னிரண்டு தந்தி என்றால் ஆறு ஜோடி. கீழ் சுரங்களுக்கான நான்கு ஜோடிகளில் ஒரு தந்தியும் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இன்னொன்றும் இருக்கும். மேலிரண்டு ஜோடிகளில் இரண்டும் ஒரே சுரம். அதனால்தான் ஒரு தந்தியை மீட்டினால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கிறது.

ஆனால் கிடாரை மட்டும் வாங்கினால் அந்த ஒலி வந்துவிடாது. மெக்வின் சிகாகோவில் ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்கில் பான்ஜோவும் கற்றவர். தந்தி மீட்டும் சிறு தகடான பிக்கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க, அடுத்த விரல்களில் உலோக பிக் மாட்டிக்கொண்டு பான்ஜோ முறையில் சுரங்களை உருட்டுவார். அதோடு, ஸ்டூடியோவில் அந்தக் கிடாருக்கு, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசரைக் கடுமையாகப் போட்டார்கள். மீட்டிய சுரம் உடனே தேய்ந்துபோகாமல் கொஞ்ச நேரம் நின்று ஒலிப்பது அதனால்தான். என்னிடம் ஒரு மலிவான பன்னிரண்டு தந்தி இருக்கிறது. கம்ப்ரசர் இல்லாமல் அதில் அந்த ஒலியைக் கொண்டுவர இருபது வருடமாக முயல்கிறேன், வரவில்லை.

---

கரிசல்செவி | செவ்வாய், மதியம் 1.20

எல்லோரும் மெக்வின் மெக்வின் என்கிறீர்கள். ஜீன் கிளார்க்கைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆல்பங்களில் வெளியார் பாட்டுகளை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சத்தைத் தாங்குபவர் கிளார்க். 'ஐ'ல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்', 'ஹியர் விதவுட் யூ', 'செட் யூ ஃப்ரீ திஸ் டைம்' எல்லாம் அவருடையவை. 'டர்ன்! டர்ன்! டர்ன்!' சிங்கிளின் பின்பக்கத்தில் இருந்த 'ஷி டோன்ட் கேர் அபௌட் டைம்' எனக்கு முன்பக்கத்தைவிடப் பிடிக்கும். நடுவில் மெக்வின் பாஹின் மெட்டு ஒன்றை அப்படியே கிடாரில் கொண்டுவந்து வைப்பார். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிலிர்க்கும்.

மேடையில் அவர் நிலைமை என்ன? ரிதம் கிடார் கிராஸ்பியின் கைக்குப் போனது. கிளார்க்கின் கையில் கஞ்சிரா போன்ற டாம்பரின் மட்டும். பிரபலமான சிங்கிள்களில் முன்குரல் மெக்வினுடையது. அதே நேரம் எழுதியவர் என்ற முறையில் பாட்டுப் பணம் மற்றவர்களைவிட அவருக்கு அதிகம் வந்தது. அதில் மற்றவர்களுக்கு மனக்கசப்பு. இத்தனைக்கும் நடுவில் விமானம் என்றால் அவருக்குப் பயம். 1966 தொடக்கத்தில் நியூயார்க் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர், புறப்படும் முன்பே இறங்கிவிட்டார். அதோடு குழுவையும் விட்டார்.

நான் கிளார்க் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அவர் போனதும் அந்தக் குழு கவிஞனை இழந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் புத்திசாலித்தனம் உண்டு, புதுமை உண்டு. அவர் பாட்டில் இருக்கும் தனிமை மட்டும் திரும்ப வரவில்லை.

---

மழைக்குருவி | செவ்வாய், மாலை 6.45

ஒரு நிமிடம். ஜீன் கிளார்க், மைக்கேல் கிளார்க் இருவரும் சகோதரர்களா? இணையத்தில் தேடினால் ஜீன் பார்சன்ஸ், கிராம் பார்சன்ஸ் என்றும் வருகிறது. தலை சுற்றுகிறது.

---

ஊசிமுனை | செவ்வாய், இரவு 7.10

யாருக்கும் யாரும் உறவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு கிளார்க்கும் எழுத்தில் வேறுபடும், தமிழில் ஒன்றாகிவிடுகிறது. ஜீன் கிளார்க் பாட்டெழுதியவர், மைக்கேல் கிளார்க் முதல் டிரம்மர். கிராம் பார்சன்ஸ் 1968-ல் சில மாதங்கள் இருந்த பாடகர். ஜீன் பார்சன்ஸ் அதே வருடக் கடைசியில் வந்த டிரம்மர். உண்மையில் உறவுக்காரர்கள் ஹில்மனும் நடுவில் கொஞ்ச காலம் டிரம்ஸ் வாசித்த கெவின் கெல்லியும். கெல்லி ஹில்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்.

---

நீள்தந்தி | செவ்வாய், இரவு 10.30

> அதற்குப் பிறகு வந்தவற்றில் புத்திசாலித்தனம் உண்டு, புதுமை உண்டு.

கரிசல்செவி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கிளார்க்கின் கடைசிப் பங்களிப்பே அந்தப் புதுமையின் உச்சம் அல்லவா? 'எய்ட் மைல்ஸ் ஹை'யைச் சொல்கிறேன். வரிகள் பெரும்பாலும் கிளார்க்குடையவை, கிராஸ்பியும் மெக்வினும் சேர்ந்து முடித்தார்கள். 1965 ஆகஸ்டில் லண்டன் போய்வந்த பயண அனுபவம் அது. விமானம் எட்டு மைல் உயரத்தில் பறக்காது. எட்டு என்ற சொல் காதுக்கு நன்றாக இருந்ததால் எட்டு.

1965 கடைசியில் பேருந்தில் ஊர் ஊராகப் போகும்போது ஒரே ஒரு ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ரவிசங்கர், மறுபக்கம் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். மெக்வின் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வாசிப்பது கோல்ட்ரேனின் 'இந்தியா'வில் வரும் நான்கு சுரச் சொற்கட்டு. சாக்ஸபோன் மூச்சைப் பன்னிரண்டு தந்தியில் கொண்டுவரப் பார்க்கிறார். அந்த சிங்கிளின் பின்பக்கமான 'வை' பாட்டில் சிதாரைப் போலவே கிடாரை வாசித்திருப்பார். நம் காதுக்கு அது ராகமாகக் கேட்காது. ஒரு சுரத்தைப் பிடித்து நின்று சுற்றிச் சுற்றி வருவதில் இருக்கும் ஆசை மட்டும் தெளிவாகத் தெரியும்.

இதற்கு இரண்டு பதிவுகள் உண்டு. முதலாவது 1965 டிசம்பரில் ஆர்சிஏ ஸ்டூடியோவில் செய்தது. போட்டி நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவானதை வெளியிட கொலம்பியா மறுத்துவிட்டது. 1966 ஜனவரியில் தங்கள் ஸ்டூடியோவிலேயே மறுபடி எடுக்க வைத்தது. ஆர்சிஏ பதிவு இப்போது 'ஃபிஃப்த் டைமென்ஷன்' மறுவெளியீட்டில் கூடுதல் பாட்டாகக் கிடைக்கிறது. எனக்கு வெளியான பதிவுதான் பிடிக்கும். முதலாவதில் கிடார் கொஞ்சம் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தையே விரும்புகிறவர்களும் உண்டு.

வெளியானதும் வானொலி நிலையங்களுக்கான கேவின் ரிப்போர்ட் இது போதைப்பொருளைப் பற்றிய பாட்டு என்று எழுதியது. பல நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தின. பாட்டு 14-வது இடத்தோடு நின்றது.

---

தாளக்கட்டு | புதன், காலை 9.00

'எய்ட் மைல்ஸ் ஹை'யில் டிரம்ஸ் மைக்கேல் கிளார்க். அட்டைப் பெட்டியில் தொடங்கியவர் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். அவரை லேசாகப் பேசுபவர்கள் அந்தப் பாட்டில் கிடார் சிதறும்போது அவர் உருட்டும் இடங்களைக் கேட்க வேண்டும்.

ஆனால் அவருடைய கதை வருத்தமாக முடிகிறது. 1967-ல் 'தி நொட்டோரியஸ் பேர்ட் பிரதர்ஸ்' பதிவு நடந்தபோது, கிராஸ்பியின் 'டால்ஃபின்ஸ் ஸ்மைல்' பாட்டுக்குக் கேட்ட வாசிப்பை அவரால் கொடுக்க முடியவில்லை. அந்த வாக்குவாதம் நாடாவில் பதிவாகியிருக்கிறது. 1997 மறுவெளியீட்டின் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நான் ஒரு தடவைதான் கேட்டேன். பிறர் முன்னால் ஒருவரை இப்படிக் குறை சொன்னால் கை எப்படி ஓடும்? நானும் ஒரு ஸ்டூடியோவில் அப்படி நின்றிருக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தலையை ஆட்டிக்கொண்டிருக்க. அன்றைக்கு என் வலது கை எனக்குச் சொந்தமாகவே இல்லை.

அந்த ஆல்பத்தில் ஜிம் கோர்டனும் ஹால் பிளேய்னும் வந்து வாசித்துக் கொடுத்தார்கள். முதல் சிங்கிளில் இவருடைய இடத்தில் உட்கார்ந்த அதே ஹால் பிளேய்ன். ஆல்பம் முடிந்ததும் மைக்கேல் கிளார்க்கையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

---

கரிசல்செவி | புதன், மதியம் 12.40

அந்த ஆல்பத்தை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுவது எனக்கு உறுத்தும். 1967 அக்டோபரில் மெக்வினும் ஹில்மனும் கிராஸ்பி வீட்டுக்கே காரில் போய் உன்னை நீக்கிவிட்டோம் என்று சொன்னார்கள். காரணங்கள் உண்டு. மான்டரே இசை விழாவில் பாட்டுகளுக்கு நடுவே கென்னடி கொலையைப் பற்றி மேடையில் பேசியது, அதே விழாவில் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு என்ற வேறு குழுவோடு போய் வாசித்தது, 'கோயிங் பேக்' என்ற வெளியார் பாட்டைப் பதிவு செய்ய அவர் விரும்பாதது, அவருடைய 'டிரையட்' பாட்டை மற்றவர்கள் ஒதுக்கியது. எல்லாம் சரி. ஆனால் ஆளை வெளியே அனுப்பிவிட்டு அவர் பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார்களே. அட்டையில் மூன்று ஜன்னலில் மூன்று முகம், நாலாவது ஜன்னலில் குதிரை. கிராஸ்பியைக் குறித்தது அல்ல என்று மெக்வின் மறுத்திருக்கிறார். கிராஸ்பி இருந்திருந்தால் அவர் நின்றிருக்கும் ஜன்னல் அது.

---

நீள்தந்தி | புதன், இரவு 9.15

உங்கள் கோபம் நியாயம்தான். நான் அந்த ஆல்பத்தைக் கொண்டாடுகிறவன், அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

'டிராஃப்ட் மார்னிங்' கிராஸ்பி தொடங்கிய பாட்டு. அவர் போன பிறகு அவருடைய வரிகள் முழுவதும் மற்ற இருவருக்கும் நினைவில் இல்லை. நினைவில் நின்றதை வைத்துக்கொண்டு இடைவெளிகளைத் தங்கள் வரிகளால் நிரப்பினார்கள். கிராஸ்பிக்கு அது பெரிய கோபம். ஆனால் அதில் ஹில்மனின் பேஸை மட்டும் தனியாகக் கேளுங்கள். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவதுபோல இருக்கும்.

முழு ஆல்பமும் 29 நிமிடத்துக்குள் முடிகிறது. ஒரு பாட்டின் வால் அடுத்ததின் தலையில் ஒட்டிக்கொண்டு போகும். 'டிரைபல் கேதரிங்' ஐந்து அட்சரத்தில் நடக்கும். நம் ஆட்களுக்குக் கண்டநடை என்றால் உடனே தலை ஆடும். மூக் சின்தசைசர், மிதிகளால் சுரத்தை இழுக்கும் பெடல் ஸ்டீல் கிடார், பின்னாளில் குழுவில் சேர்ந்த கிளாரன்ஸ் ஒயிட்டின் கிடார் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்திருக்கின்றன. நடுவில் ஜீன் கிளார்க்கை மூன்று வாரம் திரும்ப அழைத்து, அவரும் வந்து, மறுபடி விமானப் பயம் வந்து போனார். நால்வராகத் தொடங்கி இருவராக முடிந்த ஆல்பம் இது. ஒன்றாக நிறுத்திப் பிடித்தவர் தயாரிப்பாளர் கேரி அஷர். அவருக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்பேன்.

குழு உடைந்துகொண்டிருக்கும்போது பதிவான தட்டில் விரிசலே கேட்காதது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

---

ஊசிமுனை | வியாழன், காலை 10.50

அடுத்து 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ'. மழைக்குருவி, யார் குரல் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1968 தொடக்கத்தில் மெக்வினும் ஹில்மனும் மட்டும் மிச்சம். மெக்வினுக்குப் பெரிய திட்டம் ஒன்று இருந்தது. பழைய மலைநாட்டுப் பாட்டில் தொடங்கி எலெக்ட்ரானிக் இசை வரை அமெரிக்க இசையின் வரலாற்றை இரட்டை ஆல்பமாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஜாஸ் பியானோ வாசிக்கத் தெரிந்தவர் என்று நினைத்து கிராம் பார்சன்ஸைச் சம்பளத்துக்குச் சேர்த்தார். வந்தவருக்கோ அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரிதான் உயிர். ஹில்மனும் சின்ன வயதிலிருந்து அந்த வழி வந்தவர், இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். மார்ச் மாதம் எல்லோரும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இருந்தார்கள்.

அங்கே பெடல் ஸ்டீல் வாசிக்க லாய்ட் கிரீன் வந்தார். எந்தெந்த இடத்தில் வாசிக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். நாஷ்வில் வழக்கப்படி பாடகர் நிறுத்தும் இடங்களை நிரப்புவதுதான் அவர் வேலை. எல்லா இடத்திலும் வாசியுங்கள் என்றார்களாம். 'யூ எய்ன்ட் கோயிங் நோவேர்' தொடக்கத்திலேயே அந்தச் சுதந்திரம் கேட்கிறது.

மார்ச் 15 அன்று அங்கே கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை ஏறினார்கள். நீண்ட முடி வைத்த ராக் பையன்கள் என்று கூட்டத்தில் கேலிச் சத்தம். அடுத்து கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்ட்டின் பாட்டு என்று அறிவித்தாகிவிட்டது. பார்சன்ஸ் திடீரென்று இது என் பாட்டிக்காக என்று சொல்லி, தான் எழுதிய 'ஹிக்கரி விண்ட்' பாடினார். நிகழ்ச்சிக்காரர்களுக்குக் கடும் கோபம். அந்த மேடையின் ஒழுங்கை மீறியது தவறுதான். பாட்டுக்காக நான் மன்னித்துவிடுவேன்.

இனிதான் சிக்கல். பார்சன்ஸ் ஏற்கெனவே லீ ஹேசல்வுட்டின் தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர். அங்கிருந்து எதிர்ப்பு வந்ததும் அவர் குரலில் பதிவான சில பாட்டுகளில் அந்தக் குரலை எடுத்துவிட்டு மெக்வினும் ஹில்மனும் பாடிச் சேர்த்தார்கள். 'தி கிறிஸ்டியன் லைஃப்', 'யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்', 'ஒன் ஹன்ட்ரட் இயர்ஸ் ஃப்ரம் நவ்' மூன்றும் அப்படி மாறியவை. 'ஹிக்கரி விண்ட்' உட்பட மூன்றில் பார்சன்ஸ் குரல் அப்படியே இருக்கிறது. 1990 பெட்டித் தொகுப்பிலும் 2003 பதிப்பிலும் பழைய குரல் பதிவுகள் வெளிவந்துவிட்டன.

ஆகஸ்ட் 30-ல் ஆல்பம் வந்தபோது பார்சன்ஸ் குழுவிலேயே இல்லை. ஜூலையில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கப் பயணம் புறப்படும்போது வர மறுத்து விலகிவிட்டார். ஆல்பமும் 77-வது இடத்துக்கு மேல் ஏறவில்லை. ராக் கேட்பவர்களுக்குப் பிடிக்கவில்லை, கன்ட்ரி கேட்பவர்கள் நம்பவில்லை. இன்று எத்தனையோ குழுக்களுக்கு அது பாடப்புத்தகம்.

---

மழைக்குருவி | வியாழன், இரவு 11.55

ஊசிமுனை அண்ணா, இரண்டு 'கிறிஸ்டியன் லைஃப்'பையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மெக்வின் தெற்கத்தி உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டு பாடுகிறார். வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. பார்சன்ஸ் பாடும்போது அவர் தனக்குத் தெரிந்த யாரையோ நினைத்துக்கொண்டு பாடுகிறார் என்று தோன்றியது.

ஆனால் 'யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்' எனக்கு மெக்வின் பாடியதுதான் பிடித்தது. தப்பா?

---

ஊசிமுனை | வெள்ளி, காலை 8.20

தப்பே இல்லை. எனக்கும் அப்படித்தான். இதைச் சொன்னால் பார்சன்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

---

பழையரேடியோ | வெள்ளி, மாலை 5.30

இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1968-க்குப் பிறகு ஐந்து வருடம் அதே பெயரில் ஒரு குழு இயங்கியது. அதைப் பற்றி ஒரு பத்தியாவது வரும் என்று பார்த்தேன். அந்தக் காலத்து கிளாரன்ஸ் ஒயிட்டுக்காகவே நான் பேர்ட்ஸ் கேட்பவன்.

அவர் புதிதாக வந்தவர் அல்ல. 'யங்கர் தேன் யெஸ்டர்டே' ஆல்பத்தில் ஹில்மன் எழுதிய 'டைம் பிட்வீன்' பாட்டில் கிடார் அவருடையது. அது 1967 பிப்ரவரி. கன்ட்ரி ராக் என்று எல்லோரும் பார்சன்ஸிலிருந்து கணக்கு வைக்கிறார்கள். பார்சன்ஸ் வருவதற்கு ஒரு வருடம் முன்பே ஹில்மனும் ஒயிட்டும் அதைத் தொடங்கிவிட்டார்கள்.

1968-ல் ஒயிட் முழுநேரமாகச் சேர்ந்தார். பிறகு கெல்லி போய் ஜீன் பார்சன்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். செப்டம்பரில் ஹில்மனும் விலகி, கிராம் பார்சன்ஸோடு ஃப்ளையிங் பரீட்டோ பிரதர்ஸ் தொடங்கினார். பேஸுக்கு ஜான் யார்க், 1969 கடைசியில் அவருக்குப் பதில் ஸ்கிப் பேட்டின். மெக்வின், ஒயிட், ஜீன் பார்சன்ஸ், பேட்டின். இந்த நால்வர்தான் எல்லா வரிசைகளிலும் நீண்ட நாள் சேர்ந்திருந்தவர்கள். ஐந்து பேர் கொண்ட முதல் வரிசை இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை.

ஒயிட் புளூகிராஸ் கிடார்காரர், கென்டக்கி கர்னல்ஸ் குழுவில் வளர்ந்தவர். டெலிகாஸ்டர் என்ற மின்கிடாரில் பெடல் ஸ்டீல் மாதிரி ஒரு சுரத்தை இழுத்து ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. இடது கை விரல்கள் வேறு சுரங்களில் மாட்டியிருக்கும், அதனால் பக்கத்தில் இருந்த ஜீன் பார்சன்ஸை முளைப் பக்கமிருந்து தந்தியை இழுக்கச் சொன்னார். இதையே ஒரு கருவியாகச் செய்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. பார்சன்ஸ் கைவேலை தெரிந்தவர். கிடாரின் உள்ளே நெம்புகோல்களைப் பொருத்தி, தோள் வார் மாட்டும் குமிழோடு இணைத்துவிட்டார். கிடாரைக் கீழே அழுத்தினால் வார் இழுக்கும், இரண்டாவது தந்தி மட்டும் ஒரு முழுச் சுரம் ஏறும். வீணையில் தந்தியை இழுத்து அடுத்த சுரத்தைத் தொடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஏற்றம் உடனே பிடித்துப்போகும். அந்தக் கிடார் இப்போது கன்ட்ரி கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட்டிடம் இருக்கிறது. 1980-ல் ஒயிட்டின் மனைவியிடமிருந்து வாங்கினார், இன்றும் மேடையில் வாசிக்கிறார்.

இந்த வரிசையின் குறை என்ன என்றால் ஸ்டூடியோ தட்டுகள் அவர்களின் வாசிப்புக்கு ஈடாக இல்லை. ஒரே விதிவிலக்கு 1970-ல் வந்த '(அன்டைட்டில்டு)' இரட்டை ஆல்பம். ஒரு தட்டு நியூயார்க் மேடைப் பதிவு, இன்னொன்று ஸ்டூடியோ. மேடைத் தட்டில் ஒரு முழுப் பக்கம் 'எய்ட் மைல்ஸ் ஹை', பதினாறு நிமிடம். வாத்தியங்களே பேசிக்கொண்டு போய், கடைசியில்தான் பாட்டின் வரிகள் வரும். நீள்தந்தி சாரின் தங்கை மகன் கேட்ட 'செஸ்ட்நட் மேர்' அதே ஆல்பத்தின் ஸ்டூடியோத் தட்டில் இருக்கிறது. பையனிடம் சொல்லுங்கள், பின்னால் கேட்ட அந்த வேறு குழு இவர்கள்தான்.

---

நீள்தந்தி | வெள்ளி, இரவு 9.05

சொல்லிவிட்டேன். மேடைத் தட்டு வேண்டும் என்கிறான், அனுப்பியிருக்கிறேன்.

பழையரேடியோ சார், நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். 1968-க்குப் பிறகு வந்தது மெக்வினின் தனிக் குழு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒயிட்டும் ஜீன் பார்சன்ஸும் சேர்ந்து வாசிப்பதை நேற்று ராயல் ஆல்பர்ட் ஹால் பதிவில் மறுபடி கேட்டேன். 1971 நிகழ்ச்சி, 2008-ல் வெளிவந்தது. அந்த மேடையில் மெக்வின்தான் அவர்களைப் பின்தொடர்கிறார்.

'பேர்ட்மேனியாக்ஸ்' ஆல்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழு ஊர் ஊராகப் போயிருந்தபோது மெல்ச்சர் வயலின்களையும் ஊதுகுழல்களையும் மேலே ஏற்றிவிட்டார். குழுவுக்கே பிடிக்கவில்லை. அதனால் அடுத்த 'ஃபார்தர் அலாங்' ஆல்பத்தை லண்டனில் தாங்களே தயாரித்து சில நாட்களில் முடித்தார்கள்.

---

கரிசல்செவி | சனி, காலை 7.40

1973-ல் முதல் ஐவரும் மறுபடி சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள், அசைலம் நிறுவனத்துக்கு, கிராஸ்பி தயாரிப்பில். எல்லோரும் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். பன்னிரண்டு தந்தி ஒலி குறைவு, ஒவ்வொருவரும் நல்ல பாட்டைத் தங்கள் தனி ஆல்பத்துக்கு வைத்துக்கொண்டார்கள் என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் ஜீன் கிளார்க் ஒளித்து வைக்கவில்லை. 'ஃபுல் சர்க்கிள்', 'சேஞ்சிங் ஹார்ட்' இரண்டையும் கேளுங்கள். டாம்பரினோடு நிற்க வைத்த ஆள்தான் அந்த ஆல்பத்தைக் காப்பாற்றுகிறார்.

1991 ஜனவரியில், ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ஐந்து பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். மே மாதம் கிளார்க் இறந்துவிட்டார். இரண்டு வருடத்தில் மைக்கேல் கிளார்க்.

---

பழையரேடியோ | சனி, காலை 10.10

அந்த மரியாதை முதல் ஐவருக்கு மட்டும்தான் கிடைத்தது. கிளாரன்ஸ் ஒயிட் பெயர் அதில் இல்லை.

1973 பிப்ரவரியில் கடைசி நிகழ்ச்சி. ஜூலையில் ஒருநாள் இரவு பாம்டேல் ஊரில் வாசித்து முடித்துவிட்டு, வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒயிட் மேல் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதியது. வயது 29. அவருடைய இறுதிச் சடங்கில் கிராம் பார்சன்ஸ் 'ஃபார்தர் அலாங்' என்ற பழைய பக்திப் பாட்டைப் பாடினார். செப்டம்பரில் அவரும் இல்லை.

மழைக்குருவி அம்மா, 'ஃபார்தர் அலாங்' ஆல்பத்தில் 'ப்யூக்ளர்' என்று ஒரு பாட்டு. ஒரு பையனின் நாய் இறந்துபோவதைப் பற்றியது. ஒயிட் அதிகம் பாட மாட்டார். இதில் மாண்டலினும் அவர்தான், குரலும் அவர்தான். கேட்டுப்பாருங்கள்.

---

மழைக்குருவி | சனி, இரவு 10.25

கேட்டேன். இரண்டு தடவை. பாடத் தெரிந்தவர் குரல் மாதிரியே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டு நாய் போன ஐப்பசியில் போனது. மூன்றாவது தடவை போடத் தைரியம் வரவில்லை, நாளைக்குப் போடுகிறேன்.